ஆண்கள் பட்டறை: உடம்புக்கும் மனசுக்கும் உதவும்படி அமைப்பது எப்படி

ஆண்கள் கூடி மரவேலை போன்றவற்றைச் செய்யும் ‘மென்ஸ் ஷெட்’ பட்டறைகள் ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கின. அவற்றுக்கு வருபவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்களை வாட்டுவது தனிமை. எதிரெதிரே உட்காரவைத்தால் வாய் திறக்கமாட்டார்கள்; பக்கத்தில் நின்று பலகை இழைக்கும்போது பேச்சு தானாக வரும். அதனால் வேலை மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட்டு, இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க இடம் விடுங்கள்.

தேநீருக்கு இயந்திரச் சத்தம் எட்டாத தனி அறை வேண்டும். ரத்த அழுத்தக் கருவியையும் அங்கேயே வையுங்கள். தேநீருக்கு முன்பு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். மரம் அறுத்த உடனே வந்து பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், வீண் பயம்தான் மிஞ்சும்.

பலரும் அலட்சியம் செய்வது மரத்தூளை. பல ஆண்டுகள் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரக்கூடும். துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூள் கிளம்பி வெகுநேரம் காற்றில் மிதக்கும். தூசி உறிஞ்சும் குழாயை ரம்பத்தின் வாயருகே பொருத்துங்கள். நுண்தூளை வடிகட்டும் பி2 வகை முகக்கவசம் கட்டாயம், தாடி இருந்தால் கவசம் முகத்தில் சரியாகப் படியாது. மரம் கெடாமலிருக்க ஆர்செனிக் நஞ்சு கலந்த மருந்தேற்றிய பழைய பைன் மரத்தை அறுக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

வருகைப் பதிவேட்டை வாரம் ஒருமுறை புரட்டுங்கள். வழக்கமாக வருபவர் இரண்டு வாரம் வராவிட்டால், அவரோடு வேலை செய்தவரே போன் செய்யட்டும்.