பொது மீட்டர் பில்லைக் குறைத்த கதை

2022 செப்டம்பரில் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்றவற்றுக்கான அடுக்குமாடிப் பொது மின் இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் என்று ஆனதும், எங்கள் சென்னைக் குடியிருப்பில் எல்லோரும் அதிர்ந்துபோனோம். எங்களைப் போன்ற சின்னக் கட்டடத்துக்கு மின் தணிக்கை, அதாவது மின்சாரம் எங்கே செலவாகிறது என்று ஆராய்வது, கட்டாயமில்லை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு வாரம் காலையும் இரவும் மீட்டரைக் குறித்தேன்.

பகலில்தான் யூனிட் எகிறியது. காரணம் மோட்டார். சம்ப்பில், குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிந்து குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. பாவம், மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது! பிளம்பர் வால்வை மாற்றியதும் டேங்க் நிறையும் நேரம் பாதியானது. அப்புறம் படிக்கட்டில் சோக்கோடு 50 வாட் இழுத்த பழைய டியூப்லைட்டுகளுக்குப் பதில் 20 வாட் எல்இடி, கூடவே டைமர்.

இப்போதும் மாதம் ஒருநாள் மீட்டரைக் குறிக்கிறேன்.