கைனட்டிக் விறகு மெஷின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடி போடுங்கள், தொளதொள சட்டை வேண்டாம், எஞ்சின் ஆயிலைப் பாருங்கள் என்பதெல்லாம் மெஷினோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். டொராண்டோ பக்கம் இருந்துவிட்டு, கிழக்கு ஒன்டாரியோவின் கிராமப்புறத்தில் வீடு வாங்கி வந்த நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. வீட்டோடு விறகு அடுப்பும் வந்துவிடுகிறது, பின்னாலேயே செத்த மரங்கள் நிற்கும் நிலமும் வந்துவிடுகிறது. அடுத்த மாதமே விறகு பிளக்க ஒரு கைனட்டிக் மெஷின் வாசலில் இறங்கும். அப்புறம் நடப்பதைப் பார்த்தால், பழகின புதிதில் நான் செய்த கோளாறுகளை யாரோ எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்வது போல இருக்கும்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறு வராது. ஹைட்ராலிக் மெஷின் எண்ணெய் அழுத்தத்தால் கட்டையை மெதுவாகத் தள்ளும். ஒரு தடவை போய்த் திரும்பப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். கைனட்டிக்கில் அந்த எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. ஃப்ளைவீல் எனப்படும் கனமான இரண்டு சக்கரங்களைச் சின்ன எஞ்சின் ஒன்று பெல்ட் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். லிவரை இழுத்ததும், பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று, அதாவது ரேக், சுற்றிக்கொண்டிருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் மேல் இறங்கிக் கவ்விக்கொள்ளும். சக்கரங்களில் சேர்ந்திருந்த வேகம் ஒரே மூச்சில் கட்டையைக் கொண்டுபோய் ஆப்பில் மோதும். பிறகு ஸ்பிரிங் ரேக்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். எல்லாம் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

டன் கணக்கைப் பார்த்து வாங்குவது

ஹைட்ராலிக்கில் டன் என்பது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. 4 அங்குல சிலிண்டர், சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம் என்றால், தள்ளும் விசை ஏறக்குறைய 37,700 பவுண்டு. அமெரிக்க டன்னில் 19க்குச் சற்றுக் குறைவு. ஸ்டிக்கரில் 30 என்று போட்டிருந்தால், எப்படி என்று கடைக்காரரைக் கேட்கலாம்.

கைனட்டிக்கில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. அது அடிக்கிற மெஷின். அடியின் விசை, கட்டை எவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். பெட்டியில் போட்டிருக்கும் 28, 34 எல்லாம், இத்தனை டன் ஹைட்ராலிக் பிளக்கும் கட்டையை இதுவும் பிளந்துவிடும் என்று விற்பவர் சொல்லும் ஒப்பீடுதான். ஃப்ளைவீல் என்ன கனம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எவ்வளவு நீளக் கட்டை கொள்ளும், ரேக்கும் பினியனும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டையை வைக்கப் பக்கத்தில் மேஜை உண்டா என்றும் பாருங்கள். மூன்று விநாடியில் பிளக்கும் மெஷினை வாங்கிவிட்டு, விழுந்த பாதியைக் குனிந்து எடுக்கப் பத்து விநாடி செலவழித்தால், ஹைட்ராலிக்குக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கைனட்டிக் பெரும்பாலும் படுக்கை வசத்தில் மட்டும்தான் வேலை செய்யும். ஹைட்ராலிக்கில் பலவற்றை நிமிர்த்தி நிறுத்தலாம், கனத்த கட்டையைத் தரையில் உருட்டியே ஆப்புக்கு அடியில் விடலாம். உங்கள் நிலத்தில் இருப்பதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அடிமரம் என்றால், வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

கொஞ்சம் விறகுக்குப் பெரிய மெஷின்

வருடத்துக்கு இரண்டு ஃபேஸ் கார்டு (இங்கே விறகு விற்கும் அளவு, கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) எரிக்கிறவருக்கு நல்ல கோடாலி ஒன்று போதும்.

ஒரே கட்டையை விடாமல் அடிப்பது

இதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் கைக்காசைத் தின்கிற தவறு இதுதான், செய்கிறவருக்கோ வேலை மும்முரமாக நடப்பதாகத் தோன்றும்.

நண்பர் ஒருவர், என்னைவிட இளையவர், போன வருட இலையுதிர் காலத்தில் என்னை வரச்சொன்னார். மெஷினுக்கு வயது ஒரு வாரம். மேப்பிள் கட்டைகளைப் பிளந்து முடித்திருந்தார். நல்ல நேரான நார், தொட்டதும் விண்டிருக்கிறது. அந்தக் குஷியில் எல்ம் மரத்துக் கவட்டை ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார். எல்மின் நார் நேராக ஓடாது. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும். பிளந்தாலும் இரண்டு பாதியும் நாரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதிலும் கவட்டை.

நான் போய் நின்றபோது லிவரை டக் டக்கென்று இழுத்துக்கொண்டிருந்தார். ஆப்பு மூன்று விரல்கடை உள்ளே போய் நின்றுவிட்டது. அவர் விடவில்லை.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க."

"34 டன் மெஷின் அண்ணே, இதுக்கு அசையாதா? இன்னும் ரெண்டு அடி."

அந்த இரண்டு அடியில்தான் பெல்ட் கீச்சென்று கத்தியது. ரப்பர் கருகும் வாடை. எஞ்சினை அணைத்து, சக்கரம் நின்றபின் குனிந்து பார்த்தோம். கட்டையை வைக்கும் பீம் மேல் கிடந்த மரத்தூளுக்கு நடுவில் பளபளவென்று மெல்லிய இரும்புச் சீவல்கள். பினியனில் இரண்டு பல் நுனி மழுங்கி, ஓரத்தில் பிசிறு நின்றது.

அங்கே நடந்தது இதுதான். ஃப்ளைவீலில் இருக்கும் ஆற்றல் அது சுற்றும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்குதான். பத்தில் மூன்று பங்கு வேகம் குறைந்தாலே அடியின் பலம் பாதியாகிவிடும். முதல் அடியில் கட்டை பிளக்கவில்லை என்றால், சக்கரம் தன் வேகத்தில் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிட்டது என்று அர்த்தம். சின்ன எஞ்சின் அதைத் திரும்ப மேலேற்றச் சில விநாடியாவது வேண்டும். அதற்குள் அடிக்கிற இரண்டாவது அடி முதல் அடியைவிடச் சோப்ளாங்கி, மூன்றாவது அதைவிட மோசம். முழு பலத்துக்கு அசையாத கட்டை பாதி பலத்துக்கு எப்படி அசையும்? அடி மரத்துக்குள் போகாவிட்டால் எங்கே போகும்? பெல்ட்டுக்கும் பல்லுக்கும்தான்.

காதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். அடித்ததும் எஞ்சின் சத்தம் கனத்துத் தாழும், பிறகு மெல்ல ஏறி பழைய சுருதிக்கு வந்து நிற்கும். அந்தச் சுருதி திரும்பும் வரை லிவரைத் தொடக்கூடாது. நேரான ஆஷ், மேப்பிள் கட்டைகளில் சத்தம் தாழ்வதே தெரியாது, அதனால் புதிதாக ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கப் பழகுவதில்லை.

நண்பரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது: லிவரைத் தயங்கித் தயங்கி இழுப்பது. கட்டை தெறிக்குமோ என்ற பயத்தில் பாதி இழுத்து, பார்த்து, மறுபடி இழுப்பார். ரேக் முழுசாக இறங்கினால்தான் பல்லின் ஆழம் வரை கவ்வும். பாதியில் நிறுத்தினால் நுனியோடு நுனி உரசும், சுற்றுகிற பினியன் அந்த நுனியைச் சீவிக்கொண்டே இருக்கும். இழுத்தால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மனசு சரியில்லை, கட்டை சரியாக உட்காரவில்லை என்றால் இழுக்கவே கூடாது.

வாரண்டியில் கேட்டுப் பார்த்தார். முறைகேடாக ஓட்டியதால் வந்த சேதம் அதில் சேராது என்று பதில் வந்தது. பெல்ட் எப்படியும் தேய்மானப் பாகம். பினியன் மட்டும் மாற்றினால் போதாது என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. ஒன்றோடு ஒன்று தேய்ந்த ஜோடி அது. பழைய ரேக்கோடு புதுப் பினியனைப் போட்டால் புதிதும் சீக்கிரம் கெடும். இரண்டையும் சேர்த்தே வாங்கினார்.

சரி, பிளக்காத கட்டையை என்ன செய்வது? நான் கடைப்பிடிப்பது இது. முழு வேகத்தில் ஒரு அடி. ஆப்பு நன்றாக இறங்கி விரிசல் ஓடியிருந்தால், சத்தம் மீண்டதும் இன்னொன்று. அதற்கு மேல் கிடையாது. கட்டையைத் திருப்பி, கணு இல்லாத ஓரத்திலிருந்து பட்டையோடு சிலாம்பு சிலாம்பாக எடுப்பேன். நடுவில் போகவே மாட்டேன். கவட்டை என்றால் இரண்டு கிளையும் பிரியும் கோட்டோடு ஆப்பு போகும்படி வைக்க வேண்டும், குறுக்கே வைத்தால் எந்த மெஷினும் முழிக்கும். அதற்கும் மசியாததைத் தனியாக ஒதுக்கிவிடுவேன். ஜனவரிக் குளிரில் உறைந்தபின் அதில் சில, நம்ப முடியாத அளவு சுலபமாக விண்டுபோகும். குளிரில் ஹைட்ராலிக்கின் எண்ணெய் இறுகி மந்தமாகும், கைனட்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. மிச்சத்தைச் செயின்சாவால் நீளவாக்கில் அறுத்துவிடுவேன். இங்கே அதற்கு நூடுலிங் என்றே பெயர், தூளுக்குப் பதில் நீள நீளமான நார்ச்சுருள் கொட்டும். சா மூடிக்குள் அது அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது நிறுத்தி எடுத்துவிட வேண்டும்.

கட்டை ஆப்பிலேயே சிக்கிவிட்டால், பின்னால் இன்னொரு கட்டையை வைத்து அடித்துத் தள்ளும் வித்தையை யாராவது சொல்லித்தருவார்கள். கேட்காதீர்கள். அணைத்து, சக்கரம் நிற்கும் வரை இருந்து, பக்கவாட்டில் சம்மட்டியால் தட்டி எடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது

ஒருவர் கட்டையை வைக்க, இன்னொருவர் லிவரை இழுக்க, வேலை ஓடும் என்று தோன்றும். ஹைட்ராலிக்கிலேயே விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான். அதிலாவது ஆப்பு மெதுவாக வரும், கத்தினால் லிவரை விட நேரம் இருக்கும். இதில் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கட்டையை வைக்கிற கைதான் லிவரையும் இழுக்க வேண்டும். கூட வந்தவர் அடுக்கட்டும்.

எஞ்சினை அணைத்ததும் கையை உள்ளே விடுவது

எஞ்சின் நின்றாலும் ஃப்ளைவீல் நிற்காது. நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் லிவர் பட்டால் ரேக் பாயும். சத்தம் ஓய்ந்துவிட்டதே என்று சிக்கிய சிலாம்பை எடுக்கக் கையை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைக் கண்ணால் பாருங்கள்.

கோணலாக அறுத்த கட்டை

எகிறும். முனையைச் சதுரமாக அறுத்துவிட்டு வையுங்கள்.

செத்த ஆஷ் மரத்தைக் காரில் ஏற்றுவது

ஆஷ் இந்த மெஷினுக்கு என்றே படைத்த மரம். நார் நேராக ஓடும், அடித்தால் சுத்தமாகப் பிரியும். இன்று அது இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம், 2002இல் டெட்ராய்ட் பக்கத்திலும் இந்தப் பக்கம் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து அரித்து மரத்தைச் சாகடிக்கும். பட்டையை உரித்தால் அந்தத் தடம் தெரியும். வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. நூறு கிலோமீட்டர் தள்ளி அதைக் கொண்டுபோய் விடுவது விறகு ஏற்றிய வண்டிதான். கனடிய உணவு ஆய்வு முகமை விதித்திருக்கும் கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டி அனுமதி இல்லாமல் விறகு கொண்டுபோகக் கூடாது. நண்பர் வீட்டுக்கு அன்பளிப்பாக இரண்டு கட்டை கொண்டுபோவதும் அதில் அடக்கம். செத்து நின்று உலர்ந்த ஆஷின் கிளைகள் சொல்லாமல் முறியும் என்பதால், மரத்தை வீழ்த்துவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பிளந்த அன்றே எரிக்க நினைப்பது

வேகமாகப் பிளந்துவிடலாம், வேகமாகக் காயவைக்க முடியாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஆஷ் ஒரு கோடையில் தயாராகலாம், செங்கருவாலி (ரெட் ஓக்) இரண்டு கோடையாவது கேட்கும். ஈரமானியைக் காய்ந்த வெளிமுகத்தில் குத்திப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரு துண்டை அப்போதே பிளந்து, உள்முகத்தில் நார் ஓடும் திசையில் குத்திப் பாருங்கள்.

விறகை வாங்கிப் பிளக்கிறவர்கள் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழு கார்டு என்பது 128 கன அடி. ஃபேஸ் கார்டு என்று விற்பது, 16 அங்குலக் கட்டையாக இருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பழைய மெஷினைப் பெயின்டைப் பார்த்து வாங்குவது

பெயின்ட் அடிப்பது சுலபம். விற்பவர் ஒரு மேப்பிள் கட்டையைப் பிளந்து காட்டுவார், அதில் எதுவும் தெரியாது. சக்கரம் நின்றிருக்கும்போது டார்ச் அடித்து ரேக்கின் பற்களைப் பாருங்கள். ஓட்டம் தொடங்கும் முதல் சில பற்கள்தான் முதலில் தேயும், நடுவில் இருப்பவற்றோடு அவற்றை ஒப்பிடுங்கள். நுனி கூர்ந்தோ மழுங்கியோ இருந்தால், ரேக், பினியன் இரண்டின் விலையையும் கழித்துக்கொண்டு பேசுங்கள். ரேக் தேய்ந்த பக்கத்தை யாராவது கிரைண்டர் வைத்துத் தேய்த்து ஒழுங்கு பண்ணியிருந்தால், பேசவே வேண்டாம், உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.