குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோருக்குக் கொழும்பில் பொது நினைவிடம் அமைப்பது எப்படி?

கல்லையோ சிற்பியையோ தேடுவதற்கு முன்னர், உயிரிழந்தோரின் குடும்பத்தாரையும் காயங்களுடன் உயிர் தப்பியோரையும் ஒன்றுகூட்டி, நினைவிடம் வேண்டுமா, எங்கே வேண்டும், அதில் எதை எழுதலாம் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். சிலர் தம் உறவினரின் பெயர் பொது இடத்தில் இருப்பதை விரும்பமாட்டார்கள். அந்த மறுப்புக்கு விளக்கம் கோருவது நியாயமன்று. முடிவெடுக்கும் குழுவில் அவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். நன்கொடையாளரும் அரசியல்வாதிகளும் உதவலாம். ஆனால் அவர்களுடைய பெயர்கள் இறந்தோரின் பெயர்களுக்கு அருகில் இடம்பெறக் கூடாது என்பதை முதற்கூட்டத்திலேயே எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

அதிகக் கவனத்தைக் கோருவது பெயர்ப் பட்டியலாகும். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி மீது நடந்த தாக்குதலிலும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருசேர மாண்டனர். ஆகவே கொழும்பில் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொறிப்பதே முறை. மூன்று மொழிகளிலும் அகரவரிசை வேறுபடுவதால், ஒரே குடும்பத்தவரை அடுத்தடுத்து வைக்கும் வரிசையே பொருத்தமானது என்பது என் கருத்து. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளிலிருந்து ஊகித்து எழுதுவதால் ளகரமும் ழகரமும் இடம் மாறிவிடுகின்றன. நம் நகரத்துப் பெயர்ப்பலகைகளில் இதைத் தினமும் காண்கிறோம். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, குடும்பத்தார் வழக்கமாக எழுதும் முறையையும் கேட்டு, பொறிப்பதற்கு முந்திய இறுதிப் படியில் அவர்களுடைய கையொப்பத்தைப் பெறுங்கள். பாலியல் குற்றங்களுக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை நமது தண்டனைச் சட்டக்கோவை தடைசெய்கிறது என்பதால், அத்தகையோரைப் பெயரில்லாத ஒரு வரியால் நினைவுகூர வேண்டும்.

பெயர்களோடு நின்றுவிடாமல் உரிமைகளையும் அங்கே எழுதுவது அவசியம், ஏனெனில் அஞ்சலி செலுத்த வருவோரில் பலர் இன்னமும் நீதிமன்ற வாசலில் காத்திருப்பவர்கள். 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்குவதற்கானது. கண்ணியமாக நடத்தப்படுதல், மருத்துவ உதவி, விசாரணையின் முன்னேற்றத்தை அறிதல், அச்சுறுத்தலிலிருந்து பாதுகாப்பு, இழப்பீடு ஆகியவற்றை, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியமாக, பாடசாலை மாணவருக்கும் விளங்கும் தமிழில் எழுதி, சட்டத்தரணி ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இதற்கென உள்ள தேசிய அதிகார சபையை நாடலாம் என்பதையும் சேருங்கள். சட்டம் திருத்தப்படக்கூடும் என்பதால் இப்பகுதியைக் கல்லில் செதுக்காமல், மாற்றக்கூடிய தனிப்பலகையாக வைப்பது நல்லது. வழக்கு முடிவடையாதிருந்தால் எவரையும் குற்றவாளி என்று எழுதாதீர்கள்; நடந்த இடத்தையும் திகதியையும் மட்டும் குறிப்பிட்டால் போதும்.

காணி யாருக்குரியது என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பின்னர், மாநகர சபைக்கும், தேவைப்பட்டால் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும், வீதியோரமெனில் அவ்வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கும் வரைபடத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். வாய்மொழி இணக்கத்தை நம்பவேண்டாம். எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களின் நினைவாக நாடாளுமன்றத்துக்கு அண்மையில் 1999இல் எழுப்பப்பட்ட அப்பாவிகளின் நினைவாலயம் பின்னர் இல்லாமற்போனது. அரசு கட்டியதற்கே அந்நிலை என்றால், நாம் கட்டுவதற்கு எழுத்திலான உடன்படிக்கை எத்துணை இன்றியமையாதது! இடம் கிடைக்காவிட்டால் வழிபாட்டுத்தல வளாகங்களைப் பரிசீலிக்கலாம். 2019 தாக்குதலுக்குள்ளான கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில், அங்கு உயிரிழந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதை நேரில் பார்த்து வாருங்கள்.

கடற்காற்றில் பித்தளை கறுக்கும், திருட்டும் போகும். ஆகவே கருங்கல்லில் ஆழமாகச் செதுக்குங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் வாசிக்கும் உயரம் வேண்டும். விளக்குக்கும் மெழுகுதிரிக்கும் பூவுக்கும் தனி மேடை இருந்தால் எழுத்துகளில் எண்ணெய்ப் புகை படியாது.

திறப்பு விழாவில் முதலில் குடும்பத்தார் பேசட்டும். கழுவுதல், எழுத்துக்கு மீண்டும் வண்ணம் பூசுதல், பலகை மாற்றுதல் ஆகியவற்றுக்காக, சேகரித்த பணத்தின் ஒரு பகுதியைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் கணக்கைக் குழுவின் முன் வையுங்கள். பெயர் சேர்க்கப் பின்னர் முன்வரும் குடும்பங்களுக்காகக் கல்லில் வெற்றிடமும் விட்டுவைக்க வேண்டும்.