ரொறன்ரோவில் பேஸ்மென்ட் வீடு எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோ, மார்க்கம் பகுதிகளுக்குப் புதிதாக வரும் நம்மவர்களில் பலருக்கு முதல் வீடு பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளம்தான். கொண்டோவை விட வாடகை குறைவு, தெரிந்தவர்கள் மூலமாகவே கிடைத்துவிடுகிறது என்பதால், சரியாகப் பார்க்காமலே முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வாடகையைப் பேசுமுன் யன்னலையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இவ்விரண்டில் ஒன்று பிழையாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.

படுக்கையறை யன்னலை நீங்களே கையால் திறந்து பாருங்கள். தீப்பிடித்துப் படிக்கட்டு புகையால் நிரம்பினால், வெளியேற அந்த யன்னல் ஒன்றே மிஞ்சலாம். ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டட விதிகளின்படி, தப்பிச் செல்வதற்கான யன்னலின் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீற்றர் இருக்க வேண்டும். அதன் அகலமோ உயரமோ 38 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே குழிக்குள் திறக்குமானால், அதற்கு முன்னால் ஆள் வெளியேறப் போதிய இடைவெளி தேவை. பெயின்ற் ஒட்டி இறுகிய யன்னலும், பூட்டிய இரும்புக் கம்பியிட்ட யன்னலும் வெளிச்சம் தருமே தவிர, உயிரைக் காப்பாற்றா. புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் கருவியும் இருக்கின்றனவா என்று பார்த்து, பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

அடுத்தது தண்ணீர். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. 2024 ஜூலை 16 அன்றும் பெருமழை நகரை மூழ்கடித்தது. இத்தகைய மழையில் நிரம்பி வழியும் கழிவுநீர்க் குழாய், பேஸ்மென்ட் தரையிலுள்ள வடிகால் துளை வழியாகவே வீட்டுக்குள் பொங்கி வருகிறது. ஆகவே சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்புப் படிவு, ஊதிப்போன மரச்சட்டம், ஓரடி உயரத்துக்கு மட்டும் பூசிய புதுப் பெயின்ற், பூஞ்சண வாடை ஆகியவற்றைத் தேடுங்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு ரொறன்ரோ மாநகராட்சி மானியம் வழங்குவதை வீட்டுக்காரருக்குச் சொல்வதிலும் தவறில்லை. வாடகையாளர் காப்புறுதி எடுக்கும்போது, கழிவுநீர் பின்னோட்டமும் அதில் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பெரும்பாலும் மேல்தளத்தில்தான் இருக்கும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் தரவேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்பதால், அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை மாகாணத்தின் நிலையான படிவத்தில் எழுதிக் கேளுங்கள். கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று வைப்புப் பணம் கேட்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அனுமதி பெறாமல் கட்டிய பேஸ்மென்டில் குடியிருப்பவருக்கும் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே வீட்டில் வசிக்கும் உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிரவேண்டியிருந்தால், அந்தச் சட்டம் பொருந்தாது. தனிச் சமையலறை உள்ள வீட்டைத் தேடுவதற்கு இதுவே போதிய காரணம்.

பேஸ்மென்ட் ஒத்துவராவிட்டால், பழைய தொடர்மாடிகளையும் 2022 முதல் ரொறன்ரோவில் அனுமதிக்கப்படும் தோட்ட வீடுகளையும் (வீட்டின் பின்வளவில் கட்டும் சிறு தனிவீடுகள்) பார்க்கலாம். 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்குப் பொதுவாக வாடகை உயர்வு வரம்பு இல்லை; எனவே எந்த வீடானாலும் கையெழுத்திடுமுன் அந்த ஆண்டைக் கேளுங்கள்.