எ, ஆன், தி: எதை எங்கே போடுவது?

1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன்' என்று சொன்னதாகத்தான் பூமியில் கேட்டது. 'ஃபார் எ மேன்' என்பதே தான் சொல்ல நினைத்தது என்று பிறகு அவர் விளக்கினார். 'எ மேன்' ஒரு தனி மனிதன். 'எ' இல்லாத 'மேன்' மனித குலம். அடுத்து அதே பொருளில் 'மேன்கைண்ட்' வேறு வருவதால் வாக்கியம் கூறியது கூறலாகிவிட்டது. ஒரே ஒரு 'எ' போனதற்கு இவ்வளவு!

சரி, நாம் எழுதும் ஆங்கில வாக்கியத்துக்கு வருவோம். 'எ', 'ஆன்', 'தி' என்ற இந்த ஆர்ட்டிகிள்களை எங்கே போடுவது?

முதலில், அந்தப் பெயர்ச்சொல்லை எண்ண முடியுமா என்று பாருங்கள். எண்ண முடிகிற ஒருமைச் சொல் பொதுவாகத் தனியே நிற்காது. 'ஐ பாட் பென்' தவறு; 'எ பென்', 'தி பென்', 'மை பென்' என ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' எல்லாம் எண்ண முடியாதவை. அவற்றுக்கு 'எ' கிடையாது.

அடுத்து, எதைச் சொல்கிறீர்கள் என்பது கேட்பவருக்குத் தெரியுமா? 'ஐ மெட் தி டாக்டர்' என்றதும் அவர் "எந்த டாக்டர்?" என்று கேட்பார் என்றால் அங்கே 'எ' போடுங்கள். முதல் தடவை 'எ', மறுதடவை 'தி' என்று பள்ளியில் சொல்லித் தருவது பாதிதான் சரி. 'ஷட் தி டோர்' என்பதில் முதல் தடவையே 'தி' வருகிறதே!

'எ'யா 'ஆன்'னா என்பதற்குக் காதை நம்புங்கள், எழுத்தை அல்ல. 'ஆன் அவர்' (hour; 'h' ஒலிக்காது), 'எ யுனிவர்சிட்டி', 'ஆன் எம்பிஏ'.

அப்புறம்தான் முக்கியமான படி: எழுதியதற்கு இரண்டு பொருள் வருகிறதா? 'தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் சைன்ட் இட்' என்று கூட்டக் குறிப்பில் எழுதினால், கையெழுத்துப் போட்டவர் இரண்டு பதவியும் வகிக்கும் ஒரே ஆள் என்று படிப்பதே முறை. ஆனால் இருவர் என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். 'இஸ்', 'ஆர்' இருந்தால் வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். இங்கே அதுவும் இல்லை. இருவர் என்றால் 'தி ட்ரெஷரர்' என்று இன்னொரு 'தி' சேருங்கள். 'எ பிளாக் அண்ட் வைட் கவ்' இரண்டு நிறம் கொண்ட ஒரு மாடு. 'எ பிளாக் அண்ட் எ வைட் கவ்' இரண்டு மாடு. 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் கூட்டமே இல்லை என்ற குறை. 'எ ஃப்யூ' என்றால் சிலராவது வந்தார்கள்.

ஆர்ட்டிகிள் நம்மைக் கைவிடும் இடமும் உண்டு. 'ஷீ வான்ட்ஸ் டு மேரி எ டாக்டர்': மாப்பிள்ளையை ஏற்கெனவே பார்த்துவிட்டாளா, டாக்டர் என்றால் யாரானாலும் சரியா? இங்கே ஆர்ட்டிகிளோடு மல்லுக்கட்டாமல் வாக்கியத்தையே மாற்றுங்கள். ஆள் இருக்கிறார் என்றால் 'ஷீ இஸ் என்கேஜ்ட் டு எ டாக்டர்'. இனிமேல்தான் தேட வேண்டும் என்றால் 'ஷீ இஸ் லுக்கிங் ஃபார் எ டாக்டர் டு மேரி'.