சமைத்தாலே அலறிய ஸ்மோக் அலாரம்: என் அனுபவம்

பேட்டரியைக் கழற்றி வைப்பது தீர்வே அல்ல. வீட்டில் இருந்த அலாரம் அயனி வகை, அதாவது மின்னேற்றம் பெற்ற காற்றைக் கொண்டு புகையை உணர்வது. சமையலில் எழும் மிக நுண்ணிய துகள்களுக்குச் சட்டென்று கத்தும். மெத்தை கனன்று வரும் அடர்புகைக்கோ தாமதிக்கும். அதை எடுத்துவிட்டு, ஒளிக்கதிரைக் கொண்டு புகையை உணரும் ஒளிமின் வகை அலாரத்தை அடுப்பிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கூரையில் மாட்டியதும் தொல்லை ஓய்ந்தது. பின்பக்கம் அச்சிட்ட தயாரிப்புத் தேதி 10 ஆண்டைத் தாண்டியிருந்தால், டெஸ்ட் பட்டன் ஒலித்தாலும் புதிதுதான் வாங்க வேண்டும்.

எரிபொருள் சரியாக எரியாதபோது எழும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஸ்மோக் அலாரம் மட்டும் இருந்தால் அது பிடிபடாது. அதற்கென்று சென்சார் உள்ள அலாரம் படுக்கையறைக்கு வெளியே வேண்டும். தரையோரம்தான் வைக்க வேண்டும் என்பது வீண் நம்பிக்கை, அந்த வாயு காற்றோடு கலந்தே பரவும். மாடலைப் பொறுத்து சென்சாரின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. புது பேட்டரி போட்டும் 'கீச்' நிற்கவில்லையா? பெரும்பாலும் அந்த ஆயுள் முடிந்திருக்கும்.