காருக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி: தேர்வும் பயன்பாடும்

கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது தனிக்கருவி எதற்கு என்று கேட்பவர்கள், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் ஒருமுறை திணறியிருந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். வரைபடம் முழுவதும் கருவியிலேயே பதிந்திருக்கிறதா, அதைப் புதுப்பிக்கத் தனிக்கட்டணம் உண்டா என்பவற்றை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். திரை 5 அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மற்ற அலங்காரங்கள் அவ்வளவு முக்கியமல்ல.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் கருவியால் இருப்பிடத்தைச் சரியாகக் கணிக்க முடியும் என்பதால், முதல்முறை இயக்கும்போது வண்டியைத் திறந்தவெளியில் சில நிமிடங்கள் நிறுத்தி வைக்க வேண்டும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடித்தாள் ஒட்டிய கார்களில் இச்சமிக்ஞை மங்கிவிடும்.

முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே கருவியைக் கண்ணாடியில் ஒட்டித் தாங்கும் உறிஞ்சுபிடியை அழுத்த வேண்டும். தூசி இருந்தால் முதல் வேகத்தடையிலேயே கருவி மடியில் வந்து விழும். ஓட்டுநரின் பார்வையை மறைக்காமலும், காற்றுப்பை விரியும் இடத்தில் இல்லாமலும் அதைப் பொருத்துவது அவசியம். கருவியின் வழித்தேர்வில் ‘மிகக் குறுகிய தூரம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாட்டுவண்டித் தடத்திலும் திருப்பிவிடக்கூடும் என்பதால், ‘விரைவான வழி’யே பெரும்பாலும் உகந்தது. சேருமிடத்தை வண்டி நகருமுன் பதிவு செய்துவிட்டு, பிறகு குரலை மட்டும் கேட்டு ஓட்ட வேண்டும். வெயிலில் நிறுத்தும் காரிலேயே கருவியை விட்டுச்சென்றால் அதன் மின்கலம் விரைவில் பழுதாகும்.